இரண்டு உலைகளுக்கு நடுவே ஒரு கத்தி

பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் அடித்து விற்கிற சின்னக் கத்திக்குத் தனிப் பெயர் கிடையாது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு வாய்த்த ஊர்ப்பெருமையும் அதற்கு இல்லை. ஒரு சாண் நீளம் இருக்கும், அதில் பாதி பிடி. மடக்க முடியாது, உறையும் கிடையாது. முதுகு தடித்து, வாய் மெலிந்து, நுனி லேசாகக் கீழே இறங்கியிருக்கும். உலையில் படிந்த கருஞ்செதில் அலகின் மேல்பாதியில் அப்படியே ஒட்டியிருக்க, சாணை பட்ட வாயோரம் மட்டும் வெளுத்திருக்கும். விரலால் தடவினால் சுத்தியல் விழுந்த இடங்கள் மேடுபள்ளமாகத் தட்டுப்படும். பிடி பெரும்பாலும் பூவரசு அல்லது புளி. பிடியின் கழுத்தில் பழைய குழாயை அறுத்துப் போட்ட பூண். இந்தக் கத்தியைப் புழங்குகிறவர்களும் சரி, கடையில் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறவர்களும் சரி, இது பழைய காலத்தின் மிச்சம் என்றே நினைக்கிறார்கள். தொழிற்சாலை வருவதற்கு முன்னால் இருந்த உலகத்திலிருந்து எப்படியோ தப்பி வந்த பொருள் என்பது அவர்கள் எண்ணம். சிலர் இதைப் பரிவோடு சொல்வார்கள், சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். இரண்டு பேருமே தவறாகப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கத்தி முழுக்க முழுக்கத் தொழிற்சாலைக் காலத்துப் பொருள். லாரி ஓடாத ஊரில் இது பிறந்திருக்காது. எஃகுக்குள் யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற வேலையை அழிக்காமல் வாங்கி, இன்னொரு பயனுக்குத் திருப்பிவிடுகிறதே, அதுதான் இதன் மதிப்பு. பழமை அதற்கு எந்த மதிப்பையும் கூட்டுவதில்லை.

முதலில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக நெல்லூருக்கும் அதற்கு மேல் கொல்கத்தாவுக்கும் போகிற 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் போகின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகிற வண்டிகளும் இந்தப் பக்கம்தான். ஒவ்வொரு லாரிக்கும் அடியில் அடுக்கடுக்காக வில்பட்டைகள். வளைந்து கொடுத்து மீண்டும் நிமிர்வதுதான் அவற்றின் வேலை. அந்த வேலைக்கென்றே அவற்றின் எஃகில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கரி (கார்பன்) இருக்கும். கூடவே மாங்கனீசும், சிலிக்கானோ குரோமியமோ ஏதாவது ஒன்றும் அளந்து சேர்த்திருப்பார்கள். பட்டை ஆலையிலேயே சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, பதம் இறக்கித்தான் அவை வெளியே வரும். பல ஆண்டுகள் குழியிலும் மேட்டிலும் அடிவாங்கியபின் ஒருநாள் சென்டர் போல்ட் துளைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டு ஒடியும். லாரி பட்டறையில் புதுப் பட்டை மாட்டிவிட்டு ஒடிந்ததை ஓரமாகப் போடுவார்கள். அங்கிருந்து அது காயலாங்கடைக்குப் போகும். அதன் பிறகு அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று கும்மிடிப்பூண்டியின் உருக்கு ஆலை. சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே தூண்டல் உலையில் பட்டையும் தகரமும் பழைய கம்பியும் கடற்பஞ்சு இரும்பும் ஒன்றாகப் போய் விழும். 1600 டிகிரி சூட்டில் எல்லாம் ஒரே குழம்பு. தூண்டல் உலை உருக்குமே தவிர, பெரிதாகச் சுத்திகரிக்காது. உள்ளே போட்டவற்றின் சராசரிதான் வெளியே வரும். ஒரு டன் உருக்க 500 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். வார்த்த கட்டியை உருட்டிக் கம்பியாக்கினால் அதில் இருக்க வேண்டிய கரியின் அளவுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது: எஃப்இ 500 ரகத்துக்கு 0.30 சதவீதம், 500டி ரகத்துக்கு 0.25. வீடு கட்ட அதுதான் சரி. கம்பி வளைய வேண்டும், பற்றவைத்தால் பிடிக்க வேண்டும், நிலநடுக்கத்தில் சட்டென்று முறியக் கூடாது. ஆனால் அந்தக் கம்பியில் கத்தி அடிக்க முடியாது. அடித்தால் கத்தி மாதிரி இருக்கும். தோய்ச்சல் கொடுத்தாலும், அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்தாலும், வாய் போதுமான அளவு இறுகாது, நாலு முருங்கைக்காய் நறுக்கியதும் மடங்கிவிடும். பட்டைக்குள் அளந்து சேர்த்திருந்த கரியும் சிலிக்கானும் குரோமியமும் ஆயிரம் கிலோ வேறு இரும்பில் கரைந்து, இருக்கிற இடம் தெரியாமல் போயிருக்கும். கம்பி ஆலையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கம்பியை நம்பித்தான் நாம் மாடியில் தூங்குகிறோம். ஆனால் பட்டை எஃகின் தனித்தன்மைக்கு அந்த உலையில் வேலையே இல்லை.

இரண்டாவது வழி கொல்லுப்பட்டறை. அங்கே பட்டை உருகுவதே இல்லை. மரக்கரி உலையில், இப்போது துருத்திக்குப் பதிலாக மின்சார ஊதுவிசிறி வைத்து, ஆயிரம் டிகிரிக்குள்தான் அதைச் சூடாக்குகிறார்கள். நன்றாகச் சிவந்ததும் உளி வைத்து நறுக்கி, பட்டடை மேல் வைத்து நீட்டி, ஒரு பக்கத்தை மெலிய அடிக்கிறார்கள். ஒரு மீட்டர் பட்டை ஆறேழு கிலோ இருக்கும். ஒரு சின்னக் கத்தி 100, 150 கிராம். ஓரமும் செதிலும் போனாலும் ஒரு பட்டையில் ஒரு தெருவுக்கே கத்தி அடித்துவிடலாம். அடிக்கும்போது பெரிய தவறுகள் இரண்டு நேரலாம். சூடு மீறினால் எஃகின் உள்மணிகள் பருத்துவிடும். ஒடித்துப் பார்த்தால் முறிந்த இடம் சர்க்கரை மாதிரி பொரபொரவென்று மின்னும். உலையில் அதிக நேரம் கிடந்தாலோ மேற்பரப்பிலிருந்து கரி எரிந்து போய்விடும், எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது. இரண்டையும் தடுப்பது ஆசாரியின் கண்தான். நிறம் பார்த்து வெளியே எடுக்க வேண்டும். பட்டறையை வெளிச்சம் குறைவான மூலையில் வைத்திருப்பதும் அதற்காகத்தான். வெயிலில் பார்த்தால் சிவப்பின் அளவு கண்ணுக்குச் சிக்காது.

தோய்ச்சல் போடும் கணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், என் வாதமே அதில்தான் இருக்கிறது. சிவந்த அலகைக் குறட்டில் பிடித்து, முழுக்க முக்காமல், வாய் மட்டும் ஒரு விரற்கடை நனையும்படி எண்ணெயிலோ தண்ணீரிலோ இறக்குகிறார் ஆசாரி. சுரீரென்ற சத்தத்தோடு வாய் கறுத்து இறுகிவிடும். முதுகு இன்னும் சிவப்பாகவே இருக்கும். உடனே வெளியே எடுத்து, வாயோரத்தை ஒரு செங்கல் துண்டில் நாலு தேய் தேய்த்து வெள்ளையாக்குவார். இப்போது காத்திருக்க வேண்டும். முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெதுவாக வாயை நோக்கி இறங்கி வரும். வெளுத்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் 220, 230 டிகிரி. நீலம் 300ஐ நெருங்கும். கத்திக்கு வைக்கோல் நிறத்திலோ பழுப்பிலோ நிறுத்த வேண்டும்; மரம் வெட்டுகிற அரிவாளுக்கு ஊதா வரை விடலாம். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழு அலகையும் தண்ணீரில் போட்டுவிடுவார். நாலைந்து விநாடி பிந்தினால் போச்சு, மறுபடி உலையிலிருந்து தொடங்க வேண்டும். இறுக்கமும் வேண்டும், உடையாத தன்மையும் வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பில் அடுத்தடுத்து வைக்கிற வழி இது.

இதே காரியத்தைக் கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலையும் செய்கிறது. டிஎம்டி கம்பி என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் குறிக்கிற செய்முறை இதுதான். கடைசி உருளையிலிருந்து செக்கச்செவேலென்று ஓடிவரும் கம்பியின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் நொடியில் இறுகிவிடும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். பிறகு ஆறும் மேடையில் கம்பி கிடக்கும்போது அந்த உள்சூடு வெளியே பரவி, இறுகிய தோலைப் பதப்படுத்தும். வெளியே வலிமை, உள்ளே நெகிழ்வு. பெல்ஜியத்தில் 1970களில் டெம்ப்கோர் என்ற பெயரில் இதை உருவாக்கினார்கள். உலகமெங்கும் கட்டடக் கம்பியின் வழக்கமே மாறிவிட்டது. பாதியை அவித்து (தோய்ச்சல் போட்டு), மிச்சச் சூட்டைக் கொண்டே பதம் இறக்குவது என்ற அடிப்படை கொல்லுப்பட்டறையில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே உண்டு. ஆலைக்காரர்கள் ஆசாரியைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. இரும்பின் இயல்பு ஒன்றுதான். அதை அறிந்தவர்கள் எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். பட்டறை நேற்று, ஆலை இன்று என்று நாம் போட்டு வைத்திருக்கிற கோடு இரும்புக்குத் தெரியாது. சிப்காட் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் நடப்பது ஒரே அறிவின் இரண்டு அளவுகள்.

அப்படியானால் எங்கேதான் வேறுபாடு? முடிவு எடுக்கிற இடத்தில். ஆலையில் தண்ணீரின் அழுத்தமும் கம்பியின் வேகமும் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். பத்தாயிரமாவது கம்பியும் முதல் கம்பி மாதிரியே வர வேண்டும், வராவிட்டால் அது குற்றம். கத்தி விஷயத்தில் ஒன்று போல இருப்பது அவ்வளவு பெரிய நன்மை இல்லை, ஏனென்றால் கைகளும் வேலைகளும் ஒன்று போல இல்லை. பழவேற்காட்டில் மீன் ஆய்கிறவருக்கு மெல்லிய வாயும் கூரான நுனியும் வேண்டும். ஏரியில் நண்டு, இறால் தொழில் செய்கிறவர் வலைக்கயிறு அறுக்க நேரான குட்டைக் கத்தி கேட்பார். பனையோலைக் கூடை முடைகிற பெண்களுக்கு ஓலையை நூலாகக் கிழிக்க நுனி மட்டும் தீட்டிய கத்தி போதும். நுங்கு சீவுகிறவருக்குக் கனம் வேண்டும். திருத்தணிப் பக்கம் கரும்புத் தோகை கழிக்கிறவருக்கு வளைவு வேண்டும். இவர்களில் யாரும் பொருள்பட்டியல் பார்த்து வாங்குவதில்லை. கையை நீட்டிக் காட்டி, இன்னும் ஒரு விரல் கம்மியா இருக்கட்டும் ஆசாரி என்று சொல்லி வாங்குகிறார்கள். ஆசாரி அதைக் கேட்டுச் சுத்தியலை மாற்றிப் போடுகிறார். இது நடக்க வேண்டுமானால் பொருளும் ஆளும் பயனும் ஒரே தெருவில் இருக்க வேண்டும். லாரியின் எஃகு இங்கே ஒரு குறிப்பிட்ட கைக்கு ஏற்ற வடிவம் கொள்கிறது.

கத்தியை வைத்திருக்கிறவரின் பார்வை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடைக் கத்தி வாங்கிய அன்றுதான் உச்சத்தில் இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இறக்கம்தான். பட்டறைக் கத்தியின் போக்கு வேறு. வாங்கும்போது வாய் கொஞ்சம் தடிப்பாகவே இருக்கும், வெங்காயத்தைப் பிளக்குமே தவிர நறுக்காது. அம்மியின் ஓரத்திலோ கருங்கல் படியிலோ ஊறுகாய் ஜாடியின் மெருகில்லாத அடிவிளிம்பிலோ திரும்பத் திரும்பத் தீட்டத் தீட்ட வாய் மெலிந்து, வைத்திருப்பவரின் கை எந்தச் சாய்வில் தீட்டுகிறதோ அந்தச் சாய்வுக்கு வந்து நிற்கும். மாங்காயும் வாழைப்பூவும் அரிந்தால் அலகு முழுக்கக் கறுக்கும். வாழைப்பூவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகிற அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. செந்துருவை ஓரளவு தள்ளிப்போடுகிற மேல்பூச்சு. கோடையில் பிடி காய்ந்து ஆடும். ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் இறுகியிருக்கும். வாங்கும்போதே பார்க்க வேண்டியதும் சில உண்டு. வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனிவரை ஓட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். அரத்தை வாயில் லேசாக இழுத்தால் வழுக்க வேண்டும். கடித்தால் தோய்ச்சல் சரியில்லை. நுனியில் நீலம் ஓடியிருந்தால், அடித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்து கடைசியில் எந்திரச் சாணையில் அவசரப்பட்டுத் தேய்த்ததில் சூடேறிப் பதம் போய்விட்டது என்று பொருள். இப்படி ஒரு பொருளைப் பார்த்து அது செய்யப்பட்ட விதத்தையே படிக்க முடிவது இன்று நம் வீட்டில் இருக்கிற மிகச் சில பொருள்களிலேயே சாத்தியம். கைபேசியைத் திறந்து பார்த்தாலும் நமக்கு ஒன்றும் புரியாது. இந்தக் கத்தியில் எல்லா முடிவுகளும் வெளியே தெரிகின்றன.

துருப்பிடிக்காத எஃகுக் கத்தி நல்லதில்லையா என்று கேட்பார்கள். நல்லதுதான். 13, 15 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகு மீனின் உப்பிலும் புளியிலும் கறுக்காது, காயில் இரும்பு வாடை ஏறாது, சுத்தம் செய்ய எளிது. பழவேற்காட்டு உப்புக்காற்றில் பட்டறைக் கத்தியை எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி வைத்தாலே காலையில் செம்புள்ளி வந்துவிடும். மருத்துவமனைக்கோ மீன் பதப்படுத்தும் ஆலைக்கோ பட்டறைக் கத்தியைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் வீட்டுக்கு என்று வரும்போது இரண்டு விஷயம் கணக்கில் வர வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற துருப்பிடிக்காத கத்திகள் பலவற்றில் கரி குறைவு. தீட்டினால் வாயோரம் கூர்மையாகாமல் பிசிராக எழுந்து மடங்கும். விலை உயர்ந்தவற்றில் கரி போதும், ஆனால் உள்ளே உண்டாகும் குரோமியக் கார்பைடு நம் வீட்டுக் கருங்கல்லில் இருக்கிற குவார்ட்ஸை விடக் கடினமானது. படிக்கல்லில் எத்தனை தேய்த்தாலும் அது எளிதில் மசியாது. வைரப்பொடிக் கல்லோ செயற்கைச் சாணைக்கல்லோ தனியாக வாங்க வேண்டும். கூர் போனதும் கத்தி டிராயருக்குள் போய்விடுகிறது, அடுத்த தீபாவளிக்குப் புதுக்கத்தி வருகிறது. பட்டறைக் கத்தியின் எஃகு அந்த அளவுக்கு வீம்பு பிடிக்காது. கைக்கெட்டிய கல்லே அதற்குப் போதும். அடிக்கடி தீட்ட வேண்டியிருப்பதைக் குறை என்று சொல்லலாம். வீட்டிலேயே தீட்ட முடிவதும் அதே குணத்திலிருந்துதான் வருகிறது. அந்தத் தீட்டும் வேலை பல வீடுகளில் சமைக்கிற பெண்ணின் தலையில்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கத்தியின் பராமரிப்பைப் புகழ்கிற ஆண்கள் கல்லின் முன்னால் உட்காரத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது, உலோகம் தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. பழைய பட்டையின் கலவை என்னவென்று ஆசாரிக்கு எப்படித் தெரியும்? ஒரு நிறுவனம் சிலிக்கான் எஃகு போடும், இன்னொன்று குரோமிய எஃகு. இரண்டுக்கும் தோய்ச்சல் சூடும் பதச் சூடும் வேறு. போதாக்குறைக்கு, பல்லாயிரம் கிலோமீட்டர் வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். வெளிநாட்டில் கையால் கத்தி செய்கிறவர்கள் பலர் இதனாலேயே பழைய இரும்பைத் தொடமாட்டார்கள். கலவைச் சான்றிதழோடு வருகிற புதுத் தகட்டைத்தான் வாங்குவார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை. விரிசல் உண்மை, அதனால்தான் விவரமான ஆசாரிகள் ஒடிந்த முனையையும் போல்ட் துளையைச் சுற்றிய பகுதியையும் கழித்துவிடுகிறார்கள். கலவை தெரியாது என்பதும் உண்மை. ஆனால் தெரியாத எஃகைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பது உண்மையில்லை. ஒரு துண்டைச் சூடேற்றி அவித்து ஒடித்துப் பார்ப்பது, சாணையில் பொறி பறக்கும் விதம் பார்ப்பது, அரம் பிடிக்கிறதா என்று பார்ப்பது என்று சோதனைகள் உண்டு. ஒரு பட்டையிலிருந்து கிடைத்த பாடம் அந்தப் பட்டை தீரும்வரை செல்லும். தவிர, கத்திக்கு விழுகிற சுமை லாரிப் பட்டைக்கு விழுகிற சுமை அல்ல. பதம் ஐந்து டிகிரி இப்படி அப்படி ஆனால் பூசணிக்காய் அரிகிறவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. இந்தச் சோதனைகளைச் செய்யாமல், எந்த இரும்பு வந்தாலும் ஒரே மாதிரி அடித்துத் தள்ளுகிற பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே வாங்கிய கத்தி இரண்டு மாதத்தில் வாய் உதிர்ந்தால் கைவினையின் பெருமையைச் சொல்லி அதை மறைக்க முடியாது. கையால் செய்தது என்பதால் மட்டும் எதுவும் நல்லதாகிவிடாது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் கருவி செய்வதில் பாதி வேலை என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே மிகப் பழைய சான்று இருக்கிறது. பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிற அதிரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரியின் தொடர்ச்சி அது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே அகழாய்வு செய்தார்கள். 2011இல் வெளியான அவர்களின் கணிப்பு அங்கிருக்கும் கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, சற்றே சிறிய, மெலிந்த கருவிகள் செய்யும் முறை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாகக் காட்டியது. அந்தப் பிந்தைய முறையில் கல்லின் பக்கங்களை முதலிலேயே செதுக்கித் தயார் செய்துவிட்டு, கடைசி அடியில் வேண்டிய வடிவச் சில்லைப் பெயர்ப்பார்கள். அடி விழுவதற்கு முன்பே சில்லின் உருவம் முடிவாகியிருக்கும். எந்தக் கல் எப்படிப் பிளக்கும் என்று தெரிந்திருந்தால்தான் அது முடியும். அதிரம்பாக்கத்து மனிதர்களுக்கும் இன்றைய ஆசாரிக்கும் வம்சத் தொடர்பு கட்டுவது என் நோக்கம் இல்லை. அந்த மனிதர்கள் நம் இனமே அல்லாமல் இருந்திருக்கலாம். சுற்றிக் கிடப்பதில் எது பிளக்கும், எது கூர் நிற்கும் என்று பொறுக்கியெடுக்கிற திறமை இல்லாமல் எந்தக் காலத்திலும் வெட்டுக்கருவி உண்டாகவில்லை என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. அன்று ஆற்றுப்படுகையில் குவார்ட்சைட் பாறை கிடைத்தது. இன்று நெடுஞ்சாலையில் பட்டை கிடைக்கிறது.

நம்மிடம் இரும்பைப் பற்றிய பெருமைப் பேச்சு நிறைய இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை சிவகளையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை கொண்டுபோனதும் அந்தப் பேச்சு இன்னும் பெருகியது. கொடுமணலின் பழைய இரும்பு உலைகளையும், லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் ஆராய்ந்த இந்திய எஃகையும் குறிப்பிடாத மேடை இல்லை. அந்த எஃகு உண்மையிலேயே உயர்ந்தது. மூசையில் வைத்து உருக்கியது, கரி ஒரு சதவீதத்துக்கும் மேல். ஆனால் இன்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் சுத்தியல் பிடித்திருக்கிற ஆசாரியின் கையில் இருப்பது அது இல்லை. அவரைப் பண்டைய உருக்குக் கலையின் கடைசி வாரிசு என்று வர்ணித்தால் அவருடைய உண்மையான திறமையை நாம் பார்க்கத் தவறுகிறோம். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் எண்ணூர் ஆலையிலிருந்து வந்த வண்டிகளும், மற்ற நிறுவனங்களின் வண்டிகளும் போட்டுவிட்டுப் போகிற எஃகின் குணத்தைப் பள்ளிப் பாடம் எதுவும் இல்லாமல் கற்றுக்கொண்ட நவீனத் தொழிலாளி அவர். முப்பாட்டன் அறியாத இரும்பு அது. இந்த மரியாதையை அவருக்குக் கொடுக்காமல் ஐயாயிரம் ஆண்டுக் கிரீடத்தைச் சூட்டுவதால் அவருக்கு ஒரு மூட்டை மரக்கரிகூட வரப்போவதில்லை.

கத்தி என்றால் கொலை என்ற எண்ணமும் உண்டு; அதை ஒதுக்க முடியாது. 2021 செப்டம்பரில் தமிழகத்தில் பழிக்குப்பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்தபோது காவல்துறை ரவுடிகளின் வீடுகளில் சோதனை நடத்தியதோடு, கத்தி, அரிவாள் அடிக்கும் பட்டறைகளையும் கூப்பிட்டுப் பேசியது. வாங்குகிறவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதைக் குறித்து வைக்கும்படியும், கண்காணிப்புக் கேமரா பொருத்தும்படியும் சொன்னது. ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் உரிமம் தேவைப்படும் ஆயுதமாகக் கருதுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஒரு சாண் கத்தி அந்த வரம்புக்குள் வரவே வராது. பட்டாக்கத்தி கேட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை ஆசாரிக்கு உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேரங்காடியில் வரிசையாகத் தொங்குகிற, இதைவிட நீளமான சமையல் கத்திகளை யாரும் முகவரி கேட்காமல் விற்கிறபோது, கரி படிந்த சட்டைக்காரரிடம் மட்டும் நோட்டுப் புத்தகம் கேட்பது நியாயமாகப் படவில்லை. வாங்குகிறவரின் முகத்தையும் தேவையையும் உண்மையிலேயே அறிந்து விற்கிறவர் இந்தச் சந்தையில் அவர் ஒருவர்தான்.

பட்டறைகள் குறைந்துகொண்டு வருவதற்கு எந்திரம்தான் காரணம் என்பதும் முழு விளக்கம் ஆகாது. பட்டறையிலும் எந்திரம் இருக்கிறது: ஊதுவிசிறி, சாணை, சில இடங்களில் மின்சுத்தியல். மரக்கரி விலை ஏறியது ஒரு காரணம். பையன்கள் சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்காவது போய் மாதச் சம்பளம் பார்க்கலாம் என்று போவது இன்னொன்று. புகையையும் நெருப்பையும் விட்டு அவர்கள் போவதைத் தவறு என்று வெளியிலிருந்து யாரும் சொல்லக் கூடாது. மூன்றாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை. காயலாங்கடைகளில் இப்போது பிரித்து வைக்கிற பொறுமை குறைந்துவிட்டது. உருக்கு ஆலைக்கு எடைதான் முக்கியம் என்பதால் பட்டையும் ஆக்சிலும் பல்சக்கரமும் தகரத்தோடு சேர்ந்தே லாரி ஏறுகின்றன. நல்ல எஃகு சிறிய அளவில் பட்டறைக்குக் கிடைப்பது வரவரச் சிரமமாகிறது. கைத்தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டமாகட்டும், மற்றத் திட்டங்களாகட்டும், பெரும்பாலும் கடனையும் பயிற்சியையும் கருவிப்பெட்டியையும் பேசுகின்றன. ஆசாரியிடம் சுத்தியல் இருக்கிறது. தரம் தெரிந்த இரும்பும், அடித்ததைச் சோதித்துப் பார்க்கிற வசதியும்தான் இல்லை. தரமணியில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இருக்கிறது; அம்பத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இங்கே ஓடுகிற வண்டிகளின் பட்டை ரகங்களைச் சோதித்து, எதை எந்த நிறத்தில் அவிக்கலாம், எதை எண்ணெயில்தான் அவிக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாளாகப் பட்டறைகளுக்குக் கொடுப்பது அவர்களுக்குச் சில வார வேலை. காயலாங்கடைக்காரர் பட்டையைத் தனியாகப் பொறுக்கி வைத்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கேட்பதும் நியாயம்தான். அந்தக் கூடுதல் காசை ஆசாரியின் கூலியிலிருந்து பிடிக்காமல், கத்தி வாங்குகிற நாம் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.